ஒரு நாள் பட்டை

ஒரே ஒரு நாளைக்கென்று செய்யப்பட்ட மஞ்சள் காகிதப் பட்டை, மண்டபத்து வாயிற்காப்பாளரின் வலது மணிக்கட்டில் ஆண்டுக்கணக்காகக் கிழியாமல் இருந்தது. அவர் அதோடு குளித்தார், துணி துவைத்தார், மழையில் நனைந்தார், வாசலின் இரும்புக் கதவுக்கு வர்ணம் அடித்தார். வர்ணம் சட்டையில் ஒட்டியது, புருவத்தில் ஒட்டியது, பட்டையில் மட்டும் ஒட்டவில்லை. கத்தரிக்கோலை வைத்தால் கத்தரிக்கோல்தான் மழுங்கியது. அதில் அச்சிட்டிருந்த மணமக்கள் பெயர்களின் முதலெழுத்துகள்கூட மங்கவில்லை. ஊரார் இதை முதலில் வேடிக்கையாகப் பார்த்தனர். பிறகு அதுவே வழி சொல்ல உதவும் அடையாளமாயிற்று. "மஞ்சப் பட்டைக்காரர் நிக்கிற வாசல்ல இறக்கி விடுங்க" என்றால் எந்த வண்டிக்காரரும் மறு கேள்வி கேட்பதில்லை.

பட்டையைச் செய்தது மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த பட்டறை. விழாக்களுக்கு வருவோர் கையில் கட்டும் பட்டைகளைத் தவிர வேறெதையும் அங்கே செய்ததில்லை. காகிதப் பட்டை ஒரு நாள் தாங்கும். ஒருமுறை ஒட்டினால் பிரியாது, பிரிக்க முயன்றால் ஒட்டுமிடத்து வெட்டுகளின் வழியே கிழிந்துபோகும், ஆகவே ஒருவர் பட்டை இன்னொருவர் கைக்கு மாறாது. பொத்தான் வைத்த பிளாஸ்டிக் பட்டை ஒரு வாரத்துக்குக் குறையாது. நெய்த துணிப் பட்டை பல மாதம் உழைக்கும், ஈரம் காயாவிட்டால் நாறும். ரப்பர் பட்டை ஆண்டுகள் தாங்கும் என்பர். பெரும்பாலும் அது அறுவதற்கு முன்பே தொலைந்துவிடும். இவை யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னவை அல்ல. ஒவ்வொரு புதுச் சரக்கையும் பட்டறையார் தாங்களே கட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி, புரண்டு தூங்கிப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புவார்கள். இந்த வேலைமுறையால் அவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது: எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். முதலாளியின் மனைவி தன் சொந்தத் தம்பியையே ஒருமுறை பந்தல்காரர் என்றெண்ணி ஏணியைத் தூக்கச் சொன்னவள்.

பட்டறையின் சோதனை மேசையில் வேலை பார்த்தவள் வாயிற்காப்பாளரின் ஒரே மகள். தாய் அவளுடைய சிறுவயதிலேயே இறந்துபோனாள். விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போகும் குடைகளை அடுக்கிவைக்கும் வாசலோர அறையில்தான் தந்தை அவளை வளர்த்தார், படிக்க வைத்தார், பிறகு வெளியூர் விடுதியில் சேர்த்தார். திரும்பி வந்து சித்தி வீட்டிலிருந்து வேலைக்குப் போனபோது ஊராருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முதலாளியின் மகன் அவளை மணக்க விரும்பி, அவனுடைய தாய் "அப்பா என்ன பண்றார்?" என்று விசாரித்தபோது, "வெளிநாட்டுல இருக்கார்" என்ற பதில் அவள் யோசிக்குமுன் வாயிலிருந்து வந்துவிட்டது. பொய் சிறியது, அதைக் கட்டிக் காப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. சித்தியும் சித்தப்பாவும் பெற்றோர் இடத்தில் நின்று பேசி முடித்தனர். அவள் தந்தை காவல் நிற்கும் மண்டபமே ஊரில் பெரியது என்பதால் வரவேற்பும் அங்கேயே என்று முதலாளி முடிவு செய்தார். அவள் தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சற்று நேரம் குடைகளைத் திருத்தி அடுக்கினார்.

"அதுக்கென்ன பாப்பா, எனக்கு அன்னிக்கு வேலைதானே. வாசல்ல நின்னே பாத்துக்கறேன்" என்றார்.

வரவேற்பு நாளன்று குடும்பத்தாருக்குத் துணிப் பட்டை, நண்பர்களுக்குப் பிளாஸ்டிக், சமையல் முதல் காவல் வரை வேலைக்கு வந்தவர்களுக்கு மஞ்சள் காகிதம். தந்தைக்கு அதை அவளே ஒட்டினாள். பசை பிடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்த வேண்டும் என்பது பட்டறை விதி. அவள் விதி பிசகாமல் அழுத்தினாள். அவர் கையைத் தளர்த்திக் கொடுத்தார். மாலையில் மேடையருகே நின்ற மாமியார், அவ்வழியே வந்த மஞ்சள் மணிக்கட்டைப் பார்த்து, "ஏம்ப்பா, மஞ்சப் பட்டை! சும்மா நிக்காம ரெண்டு நாற்காலி கொண்டா" என்றாள். மணமகளுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் தன் கையிலிருந்த பூங்கொத்தின் இதழ்களை நேராக்கிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து, ஒன்றை மாமியாருக்குப் போட்டு, மற்றொன்றை மகளுக்குப் பின்னால் துடைத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, ரொம்ப நேரமா நிக்கறீங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

விருந்து முடிவதற்குள் அவள் கையிலிருந்த துணிப் பட்டை நூல் நூலாகப் பிரிந்து மடியில் விழுந்தது. அன்று முதல் அவள் மணிக்கட்டில் எதுவும் நிற்கவில்லை. பிளாஸ்டிக் பட்டை பொத்தான் போடும்போதே விரிசல் விட்டது, ரப்பர் பட்டை மதியத்துக்குள் பொடிந்தது, வளையல்கள் உடைந்தன, கைக்கடிகாரத்தின் தோல்வார் ஈரமண்போல் நொறுங்கியது. காகிதப் பட்டை அவள் தோலைத் தொட்டதும் சுருண்டு உதிர்ந்தது. சோதனை மேசைக்காரிக்கே சோதிக்கக் கை இல்லை என்று பட்டறையில் சிரித்தார்கள். அவள் முழுக்கைச் சட்டை போடத் தொடங்கினாள், வெயில் காலத்திலும் அதை மடித்துவிடவில்லை. கணவனிடம் உண்மையைச் சொன்னபோது அவன் திட்டவில்லை. "இப்போ சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அந்த 'அப்புறம்' அவர்களுடைய பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தது.

கிழியாத பட்டையைப் பற்றிய பேச்சு முதலாளியின் காதுக்கு எட்டியபோது, அதில் தம் மகனின் முதலெழுத்து இருப்பதைக் கண்டு அவர் மகிழ்ந்தார். வாயிற்காப்பாளரைப் பட்டறைக்கு அழைத்துவந்து, சோதனை மேசையருகே உட்காரவைத்து, அறுத்துப் பார்க்கும்படி மருமகளிடம் சொன்னார். அவள் தந்தையின் கையைப் பிடித்தாள். வரவேற்புக்குப் பிறகு அந்தக் கையைத் தொடுவது அதுவே முதல் முறை. கத்தி, சூடு, அமிலம் என்று விதிப்படி வரிசையாகச் செய்தாள். பட்டை ஒன்றுக்கும் அசையவில்லை. ஒரு துளி தெறித்து அவர் தோலில் பட்டது. "வலிக்குதா?" என்று அவள் உதடு அசையாமல் கேட்டாள். "இல்லைங்கம்மா, நீங்க வேலையப் பாருங்க" என்றார் அவர். பின்னால் நின்ற முதலாளி, "அடேயப்பா, எங்க பசைடா இது!" என்று தொடையைத் தட்டினார். அந்த வாரமே வாயிற்காப்பாளருடைய கையின் படம் விளம்பரப் பலகையில் ஏறியது. முகம் அதில் இல்லை.

பட்டறை கொழித்தது. ஆனால் அதே அச்சில், அதே பசையில் செய்த மற்ற பட்டைகளெல்லாம் வழக்கம்போல ஒரே நாளில் கிழிந்தன. வாடிக்கையாளர்கள் குறைபட்டுக்கொண்டனர். இளைய நாத்தனாரின் திருமண வரவேற்பும் அதே மண்டபத்தில் நடந்தபோது, சந்தேகம் உள்ளவர்கள் நேரிலேயே இழுத்துப் பார்க்கட்டும் என்று முதலாளி வாயிற்காப்பாளரை நுழைவாயிலில் ஒரு மேசைக்குப் பின்னால் நிறுத்தினார். வந்தவர்கள் எல்லாரும் வணக்கத்துக்குப் பதிலாக அவர் கையை இழுத்துவிட்டு உள்ளே போனார்கள். சிலர் நகத்தால் கீறினார்கள். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், "பெரியவரே, பல்லக் கடிச்சுக்கோங்க, இன்னிக்கு ஒண்ணு பட்டை வரும், இல்ல கை வரும்" என்று சொல்லிவிட்டு ஒரு காலை மேசையில் ஊன்றி இழுத்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பட்டை வரவில்லை. அதன் விளிம்பு தோலை அறுத்து, வெள்ளை மேசைவிரிப்பில் ரத்தம் சொட்டியது. அவர் சிரித்தபடியே நின்றார்.

மகள் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கைய விடுங்க" என்றாள். "அவர் எங்கப்பா."

கைதட்டல் நின்றது. மாமியார் மருமகளைப் பார்த்தாள், பிறகு பழக்கத்தின்படி மணிக்கட்டைப் பார்த்தாள், அதன்பின் வாழ்வில் முதல் முறையாக அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியும் தாடையும் மருமகளுடையவை, பேரப்பிள்ளைகளுடையவையும் அவையே.

"உங்கப்பா வெளிநாட்டுல இல்ல இருந்தார்?"

"இல்ல அத்தே. இந்த வாசல்லதான் இருந்தார்."

இந்த ஊரில் எல்லாருக்கும் கதை கேட்ட பழக்கம் உண்டு. ஆகையால் சொல்லிவைத்ததுபோல் அனைவர் கண்களும் பட்டையை நோக்கின, இதோ கழன்று விழப்போகிறது என்று. அவளும் அப்படித்தான் பார்த்தாள். பட்டை விழவில்லை. ரத்தம் அதன்மேல் ஒட்டாமல் வழிந்தது; மஞ்சள் அப்படியே இருந்தது. அவள் முழுக்கைச் சட்டையின் ஓரத்தைக் கிழித்து அவர் காயத்தைக் கட்டினாள். அவளுடைய வெறுங்கை எல்லாரும் பார்க்கும்படி திறந்துகிடந்தது. மாமியார் யாரையும் ஏவாமல் தானே உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தாள். கனமான நாற்காலி, வழியில் இருமுறை இறக்கிவைத்தாள். "உக்காருங்க சம்பந்தி" என்றாள். "அன்னிக்கு நான்... நாற்காலி கொண்டாரச் சொன்னேனே." அவர் உட்காரவில்லை, வேலை நேரத்தில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. நாற்காலி இருவருக்கும் நடுவே காலியாக நின்றது.

"எனக்கும் ஒண்ணு ஒட்டி விடுங்கப்பா" என்றாள் மகள்.

மேசைமேல் வேலையாட்களுக்கான மஞ்சள் பட்டைகள் மீதமிருந்தன. அவர் ஒன்றை உருவி, முதுகுத்தாளை உரித்தார்.

"ஒரு நாளைக்குத்தான் வரும், பாப்பா" என்றார். "கைய நீட்டு."

கட்டைவிரலை வைத்துப் பசை பிடிக்கும்வரை அழுத்தினார். காகிதம் சுருளவில்லை, உதிரவில்லை. அன்றைய விருந்தை அவள் தந்தையோடு, மஞ்சள் பட்டைக்காரர்கள் சாப்பிடும் பின்கட்டில், கடைசிப் பந்தியில் சாப்பிட்டாள். கணவனும் தன் துணிப் பட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான். அவனை யாரும் வரச்சொல்லவில்லை, போகச்சொல்லவும் இல்லை.

விளம்பரப் பலகையை முதலாளி மறுநாளே இறக்கினார். வாயிற்காப்பாளர் ஓய்வு பெறும்வரை அந்த வாசலிலேயே நின்றார். மருமகன் வீட்டுக்கு வந்து இருக்கும்படி மாமியாரே இருமுறை நேரில் கூப்பிட்டும் வரவில்லை. அவர் இறந்தபோது பட்டை அவரோடு போயிற்று. மகளின் கையிலிருப்பது இன்றும் அப்படியே இருக்கிறது. குளிக்கும்போது அவள் அதைப் பார்ப்பதில்லை. அதன்மேல் வேறெந்தப் பட்டையையும் இப்போது அவளால் கட்டிச் சோதிக்க முடிகிறது. எல்லாம் அதனதன் கெடு முடியும்வரை ஒழுங்காக உழைக்கின்றன. வாடிக்கையாளர் யாராவது காகிதப் பட்டை எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டால், அந்தக் கையாலேயே மாதிரியை எடுத்து நீட்டி, "ஒரு நாள்" என்று சொல்கிறாள். அவர்கள் அவள் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள், தலையசைக்கிறார்கள், எந்த நிறத்தில் எத்தனை வேண்டும் என்று சொல்கிறார்கள்.