மின்னல் அக்காவின் முறை

எங்கள் சலவைக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் கல்யாணம் செய்துகொள்ளலாம். பிள்ளை பெறுவதற்கு மட்டும் முறை வர வேண்டும்.

ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உருளை இயந்திரத்தில் விட்டு இஸ்திரி போட்டு, மடித்துக் கட்டி அனுப்புகிற இடம் அது. ஒரு சமயம் இரண்டு பெண்கள் சேர்ந்தாற்போல் பிரசவ லீவில் போய்விட, வேலை தேங்கிவிட்டது. சூப்பர்வைசர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமே ஒருத்தி திரும்பி வந்தப்புறம்தான் அடுத்தவ. மீறினா ரெண்டாவது ஆளுக்கு லீவு சம்பளமும் கிடையாது, வேலையும் கிடையாது. சட்டமே அப்படித்தான்."

கத்துவதற்கு முன் மூக்கால் விசில் அடிப்பார் என்பதால் அவருக்குக் குக்கர் என்று பெயர் வைத்திருந்தோம். பெயர் வைக்கத் தெரிந்த எங்களுக்கு, எந்தச் சட்டம் என்று கேட்க வாய் வரவில்லை. நாங்களே கூடிப் பேசி, யாருக்கு முதலில் கல்யாணம் ஆனதோ அந்தப்படி முறை பிரித்துக்கொண்டோம். குழாயடியில் குடம் வைப்பது போல வயிற்றுக்கும் வரிசை போட்ட புத்திசாலிகள்!

அந்த வரிசையில் கடைசி ஆள் நான். என் முறை வருவதற்குள் தலை நரைத்துவிடும் என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு நாள் தள்ளிப்போனது. என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். நானோ சம்பளக் கணக்குப் போட்டேன். அவர் வேலை போய் வீட்டில் இருந்த நேரம் அது. என் சம்பளமும் நின்றுவிட்டால் பிறக்கப்போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது?

அப்போது முறை மின்னல் அக்காவுடையது. அவள்தான் இயந்திரத்தில் என் ஜோடி. கை அவ்வளவு வேகம், அதனால் அந்தப் பெயர். முறை வந்தும் அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். குக்கர் வேறு போகும்போதும் வரும்போதும், "என்ன மின்னல், முறை இன்னும் வரலையா?" என்று பல்லைக் காட்டுவார். அவள் விரிப்பை மட்டும் ஒரு சுண்டு சுண்டுவாள்.

நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தேன். மெடிக்கல் லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள் என்று, டாக்டரிடம் போகிற நாட்களையெல்லாம் வருட லீவில் கழித்தேன். பெரிய ஏப்ரனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். பூசணி இன்னும் பிஞ்சுதானே என்று ஓர் அசட்டுத் தைரியம்.

விரிப்பை மடிக்கும்போது ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரெதிரே நடந்துவந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேரும் இடத்தில் அவள் கண் என் கண்ணுக்கு நேராக வரும். ஒவ்வொரு விரிப்புக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் முறையைத் திருடி ஏப்ரனுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன் என்றுதான் எனக்கே தோன்றியது.

ஒரு நாள் ஈர விரிப்பு வண்டியைத் தள்ளக் குனிந்தேன். மின்னல் அக்கா பாய்ந்து வந்து கைப்பிடியைப் பிடுங்கினாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்கு இழுத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன். அந்தக் கையே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"வண்டி தள்ளாதடி," என்றாள். "நானும் தள்ளினேன். உண்டாயிருந்தப்போ."

"எப்போக்கா?"

"என் முறை வர்றதுக்கு முன்னாடி. அப்போ வேற ஒருத்தி லீவுல இருந்தா. வெளிய சொன்னா வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டுத் தள்ளினேன். பின்பக்கத்துக் கடைசி கக்கூஸ்லதான் எல்லாம் போச்சு. மறுநாள் ஒரு நாள் வருஷ லீவு போட்டேன். அதுக்கு அடுத்த நாள் வந்து உன் எதிர்ல நின்னு மடிச்சேன். உனக்குக்கூடத் தெரியல."

எனக்கு அழுகை முட்டியது. அவள் என் கண்ணைத் தன் ஏப்ரனால் துடைத்துவிட்டாள்.

"என் முறையை நீ எடுத்துக்கோ. மாத்திக்கிட்டோம்னு நானே குக்கர்கிட்ட சொல்றேன்."

அவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கக் கழிவறைக்குள் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, பஸ் ஸ்டாப் சுவரில் பார்த்து வைத்திருந்த தொழிலாளர் அலுவலக எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"மேடம், ஒருத்தரோட பிரசவ முறையை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கலாமா?"

"என்ன முறைம்மா?"

விளக்கினேன். குக்கரிடம் சொல்லிவிடுவாரோ என்று என் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"அப்படி ஒரு முறை எந்தச் சட்டத்துலயும் இல்லம்மா. பத்து பேர் ஒண்ணா உண்டானாலும் பத்து பேருக்கும் லீவு உண்டு, சம்பளம் உண்டு. அதுக்காக வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. டாக்டர்கிட்ட போக உங்க வருஷ லீவை எதுக்குத் தொட்டீங்க? அதுக்குத் தனியா நேரம் குடுக்கணும். பிரசவ லீவுல வீட்ல இருந்தாலும் வருஷ லீவு பாட்டுக்குச் சேர்ந்துக்கிட்டே இருக்கும்."

"எப்போலேர்ந்து மேடம் இப்படி?"

"நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு ரொம்ப முன்னாடிலேர்ந்தே."

சந்தோஷத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருக்க வேண்டும். தாழ்ப்பாளில் கை வைத்தபோதுதான், நான் நிற்பது கடைசிக் கழிவறை என்று உறைத்தது. குழாய் அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. இதுவரை குக்கருக்குப் பயந்தேன், வேலைக்குப் பயந்தேன். இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது என்ற பயத்தின் முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் முனைகளைச் சேர்க்க எதிரே வந்தவள் கேட்டுவிட்டாள். "எங்கடி போனே? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"முறைன்னே ஒண்ணு இல்லையா?"

"இல்லக்கா."

"அன்னைக்கும் இல்லையா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மின்னல் அக்காவின் கையிலிருந்து விரிப்பு நழுவி விழுந்தது. அவள் அதை மிதித்துக்கொண்டே சூப்பர்வைசர் அறையைப் பார்த்து நடந்தாள். கூடமே திரும்பிப் பார்த்தது. நான் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

குக்கர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்ன மின்னல், முறை வந்துடுச்சா?"

"வந்துச்சு சார்," என்றாள் அக்கா. "வந்து போயிடுச்சு."

அவர் மூக்கில் விசில் வரவில்லை. அக்கா கையைப் பின்னால் நீட்டி, என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.