இடது பக்கப் புள்ளிகள்

கணினித் திரையில் எது எங்கே இருந்தால் ஆள் கண்ணில் படும் என்று சொல்வதில் அந்தப் பேராசிரியையை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டுரை, விருது, பதவி எல்லாம் அதில் வந்ததுதான். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘கழுகுக் கண்ணு’ என்பார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. உள்ளூரப் பெருமைதான்.

புதிய சோதனை சுலபமானது. திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி. பார்வையை அதிலிருந்து எடுக்கக் கூடாது. சுற்றிலும் அங்கங்கே புள்ளிகள் மின்னும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியாட்களைக் கூப்பிடும் முன் அவளே உட்கார்ந்து பார்ப்பாள். இந்த முறை முடிவைப் பார்த்ததும் முகம் கடுத்தது. இடது பாதியில் ஒரு புள்ளிக்குக்கூட அவள் அழுத்தவில்லையாம்.

“இடது பக்கம் புள்ளியே வரல. என்னத்த எழுதி வச்சிருக்க?” என்று ஆராய்ச்சி மாணவியிடம் எரிந்து விழுந்தாள்.

“எனக்கு வருதே மேடம்...”

“எனக்கு வரலங்கிறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?”

பாவம் அந்தப் பெண். சோதனைக்காகத் தான் எழுதிய நிரலை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தாள். திரையையே மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் மேடம் உட்காருவாள், இடது பக்கம் காலியாக இருக்கும், வசவு விழும். “வேற வழிகாட்டியப் பாத்துக்கோ” என்பது வரைக்கும் போய்விட்டது. இதில் கொடுமை என்னவென்றால், தப்பு தன்னுடையதுதான் என்று அவளும் நம்பினாள். கண்ணைப் பற்றி இவ்வளவு படித்தவருக்குத் தெரியாதா என்ன?

ஒரு நாள் சாயங்காலம் பேராசிரியையைக் கூட்டிப்போக அவள் கணவர் வந்தார். அவளுடைய காரின் இடது கதவு மறுபடியும் வீட்டு வாசல் தூணில் உரசிப் பட்டறைக்குப் போயிருந்தது. தூண் இருக்கிற இடம் சரியில்லை என்று வீட்டில் ஒரே சண்டை.

“தூண் மேல கோபம், இப்ப கம்ப்யூட்டர் மேலயா? தள்ளு, நான் உக்காந்து பாக்கிறேன்” என்றார்.

இரண்டு பக்கமும் மளமளவென்று அழுத்தினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேராசிரியைக்கோ பயம் கிளம்பியது. பயம் வந்தால் கத்துவதுதான் அவளுக்குப் பழக்கம்.

“எந்திரிங்க! நான் காட்டுறேன்.”

உட்கார்ந்து, கூட்டல் குறியில் பார்வையை நிறுத்தினாள். வலது பக்கம் ஒரு புள்ளி. அழுத்தினாள். இன்னொன்று. அழுத்தினாள். பிறகு எதுவுமே வரவில்லை.

“பாத்தியா, நின்னு போச்சு!”

நிற்கவில்லை. இடது பக்கம் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னிக்கொண்டே இருந்தன. கணவருடைய சிரிப்பு போய்விட்டது. சத்தம் போடாமல் அவளுடைய இடது பக்கம் வந்து நின்றார். அவள் கன்னத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டி விரல்களை ஆட்டினார். அவள் இமைகூட அசையவில்லை.

“ஏன் பேசாம நிக்கிற?” என்று குறியைப் பார்த்தபடியே மாணவியைக் கேட்டாள். “சார் வெளிய போயிட்டாரா?”

மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இங்கதாம்மா இருக்கேன்” என்றார் அவர், அவளுடைய இடது காதருகே.

பேராசிரியை அலறிவிட்டாள்.