மூன்று பொய்ப் புகார்கள்

எமில் கோவாச் தன் மகளோடு பேசி நான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும் வியாழக்கிழமை தவறாமல், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் முன், அவள் வீட்டு டெலிபோன் லைனைச் சோதித்துப் பார்த்துவிடுவார்.

அமெரிக்காவில், பஸேயிக் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சோதனை மேஜை அவருடையது. ஊரில் யார் வீட்டு போன் செத்தாலும் புகார் அவரிடம்தான் வரும். மேஜையிலிருந்து ஒரு வயரை அந்த லைனில் செருகி, சாவி என்கிற சுவிட்சைத் தட்டினால் மீட்டரில் முள் துள்ளும். வீட்டில் ஒரு போன் இருந்தால் சின்னத் துள்ளல், இரண்டு இருந்தால் பெரிய துள்ளல். அங்கே மணி அடிக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. பேச்சை ஒட்டுக்கேட்கும் ஈனப் புத்தி எமிலுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. முள் துள்ள வேண்டும், அவ்வளவுதான். துள்ளினால் லொரெய்ன் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அது போதும் என்று எழுந்து போய் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பார்.

மகள் கட்டிக்கொண்டவனை எமிலுக்குப் பிடிக்கவில்லை, கல்யாணத்துக்குப் போகவில்லை. அதுகூட ஆறியிருக்கும். மனைவி ஆனா ஆஸ்பத்திரியில் படுத்த ஒன்பது நாளும், மகளுக்கு நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வீம்பாகவே தள்ளினார் மனிதர். பத்தாம் நாள் சொல்ல வேண்டிய சேதி வேறாகிவிட்டது. கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் லொரெய்ன் அவர் எதிரே வந்து நின்றாள்.

"நாள் பூரா போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற ஆளுப்பா நீங்க. ஒன்பது நாள்ல ஒரு தடவை என் நம்பரைச் சுத்த முடியலை இல்ல? இனிமே சுத்தவே வேண்டாம்."

அந்தச் சொல்லைத்தான் அவர் காப்பாற்றி வந்தார். காப்பாற்ற வேண்டிய நேரத்தில் எதையும் காப்பாற்றாதவருக்கு இதில் மட்டும் அப்படி ஒரு நாணயம்.

எழுபத்தெட்டாம் வருஷம், மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை முள் பெரிதாகத் துள்ளியது. எமில் மறுபடி தட்டினார். மறுபடி துள்ளியது. இரண்டு போன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று எதற்கு? மாடியை விட்டு இறங்க முடியாத ஏதோ காரணம் இருக்க வேண்டும். அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று ஒரு மனம் சொன்னது. வேறொன்றாக இருக்கும் என்று இன்னொரு மனம் ஆசைப்பட்டது. யாரிடம் கேட்பது? அன்று ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

ஜூலையில் கம்ப்யூட்டர் வந்தது. பழைய மேஜையைக் கழற்றி எடுத்துப் போய்விட்டு, டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகையும் பச்சை எழுத்துத் திரையும் வைத்தார்கள். உள்ளே யூனிக்ஸ் என்று ஒன்று ஓடுகிறதாம், அதுதான் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிறதாம். டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து செருப்புப் போட்ட தாடிக்காரர்கள் வந்து நான்கு நாள் பாடம் எடுத்தார்கள். கட்டளையெல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்துதான். விரல் தேய்ந்துவிடும் என்று பயந்தவர்கள் செய்தது போலிருந்தது. நான்காம் நாள் மத்தியானம் எமில் தூங்கிப்போனார்.

இனிமேல் லைனை மெஷினே சோதிக்கும். ஆனால் புகார் எண் இல்லாமல் எந்த லைனையும் தொடாது. யார், எந்த லைனை, எத்தனை மணிக்குச் சோதித்தார் என்று பேர் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும். பழைய மேஜைக்கு ஞாபகமே கிடையாது. அதன் அருமை எமிலுக்கு இப்போதுதான் புரிந்தது.

இரண்டு வியாழக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாவதில் முடியவில்லை. மகள் நம்பருக்குத் தானே ஒரு புகாரைத் தட்டினார்: டயல் டோன் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மெஷின் பதில் சொன்னது. மணிகள்: 2. லைன் சரி. போனுக்கு ஒரு மணி என்று கணக்கு, அதாவது இரண்டு போனும் அங்கேதான் இருக்கின்றன. முள்ளைப் பார்ப்பது போல இல்லைதான். ஆனாலும் அன்று ரொட்டி இறங்கியது. அடுத்த வாரமும் அதே புகார். அதற்கடுத்த வாரமும்.

மறுநாள் காலை, எதிர் மேஜையில் புகார்களைக் கவனிக்கும் வெர்னா ஒரு நீளத் தாளைத் தூக்கிப் பிடித்தாள். அவளும் எமிலும் பதினெட்டு வருஷமாக ஒரே அறை.

"இங்க பாரு எமில். யாரும் கேக்கலை. விடிகாலை அஞ்சு மணிக்குத் தானா எழுந்து அச்சடிச்சு வெச்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் ஒரு நாளாவது இப்படி எழுந்திருப்பாரா?"

"என்னது அது?"

"ஒரே மாசத்துல மூணு புகார் வந்த லைனுங்க. ஒவ்வொருத்தரையும் நான் கூப்பிட்டு விசாரிக்கணும். கடைசி நாள் பாடத்துல சொன்னாங்களே. நீ குறட்டை விட்டுக்கிட்டிருந்தே."

எமில் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். ஏழாவது வரியில் லொரெய்ன் நம்பர். தன் இடத்துக்கு ஓடி, அழிப்பதற்கான இரண்டெழுத்தைத் தட்டிப் புகாரின் எண்ணைக் கொடுத்தார். திரை சொன்னது: அனுமதி இல்லை. இன்னொரு முறை தட்டினார். அனுமதி இல்லை. எழுதியவர் அவர்தான், ஆனால் எழுதி முடித்த பிறகு அது அவருடையதில்லை.

வெர்னா அதற்குள் ஐந்தாவது நம்பரை முடித்துவிட்டாள்.

"வெர்னா, அந்த ஏழாவதை நான் பாத்துக்கறேன்."

"நீ ஏன்யா பாக்கணும்? கூப்பிடலைன்னா நாளைக்கு அது என் பேரைத்தான் போட்டுக்குடுக்கும்."

காரணத்தைச் சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். எமிலுக்கு வாய் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் இப்படித்தான் வரவில்லை. வெர்னா ஆறாவதையும் முடித்துவிட்டு ஏழாவதைச் சுற்றினாள்.

"ரிப்பேர் சர்வீஸ்லேர்ந்து பேசறேம்மா. மிஸஸ் டெவ்லின்தானே? டயல் டோன் இல்லைன்னு மூணு தடவை புகார் குடுத்திருக்கீங்க... இல்லையா? மூணும் வியாழக்கிழமை, பதினொன்னே முக்காலுக்கு... யார் எழுதினதுன்னா, இருங்க, பேர் இருக்கு. எமில் கோ..."

வெர்னா நிறுத்தினாள். ஆனாவின் சவ அடக்கத்துக்கு வந்திருந்தவள் அவள். மெதுவாகத் திரும்பி எமிலைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. கோவாச். எதிர்லதான் இருக்காரு." டெலிபோனை அவர் பக்கமாக நகர்த்தினாள். "குடுக்கட்டுமா?"

எமில் நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்தபடி நின்றார். வெர்னா ரிசீவரை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா?"

"தாங்க்ஸ்னு சொன்னா. வெச்சுட்டா." தாளை மடித்தாள், பிரித்தாள். "பின்னால குழந்தை அழுதுச்சு எமில். கைக்குழந்தை."

எமில் உட்கார்ந்தார். மார்ச்சில் முள் ஏன் பெரிதாகத் துள்ளியது என்று தெரிந்துவிட்டது. தாத்தாவாகியிருக்கிறார், அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"இதுக்குப் பேசாம கூப்பிட்டுத் தொலைச்சிருக்கலாமேய்யா."

"கூப்பிடக் கூடாதுன்னு சொன்னா."

"சொல்லுவா. அதுக்கு?"

வெர்னா மேலிடத்துக்கு எதுவும் எழுதவில்லை. அந்தப் பேச்சையும் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை எமில் எதையும் தட்டப்போவதில்லை என்ற முடிவோடுதான் வந்தார். இன்னொரு விசாரணை போன் போய்க் குழந்தையை எழுப்ப வேண்டாம். பத்து மணிக்கு அவர் திரையில் ஓர் உத்தரவு வந்து நின்றது. வாடிக்கையாளர் கேட்டபடி எண் மாற்றப்பட்டது, பழைய லைன் துண்டிக்கப்பட்டது, சோதித்து உறுதி செய்க. கீழே இருந்தது லொரெய்ன் நம்பர். புது எண் என்ற இடத்தைத் திறந்து பார்த்தார். வாடிக்கையாளர் கேட்டு ரகசியமாக்கிய எண், படிக்க அனுமதி இல்லை.

இந்தத் தடவை பொய் எழுத வேண்டியிருக்கவில்லை. காரணம் ஏற்கெனவே சரியாக நிரப்பப்பட்டிருந்தது. கட்டளையைத் தட்டினார்.

மணிகள்: 0. சரி.

வெர்னா எதிரிலிருந்து கேட்டாள். "என்ன வந்திருக்கு?"

"ஒண்ணுமில்லை" என்றார் எமில். "சரியாத்தான் பண்ணியிருக்காங்க."