கதவு வெட்டாத கார்

எருக்கலம்பிட்டிக் கரைக்குப் போகிற வீதியில் உள்ள நவ்ஷாத்தின் பட்டறைக்குப் போகிறவர்களை முதலில் வரவேற்பது ரெசின் மணம்தான். மூக்கில் ஏறிக் கண்ணோரம் கரிக்கிற அந்த மணத்துக்குள் நின்றுதான் அவன் பைபர் வள்ளங்கள் கட்டுவான். அச்சின்மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் தடவி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் உருளையால் அமுக்கி அமுக்கி எடுப்பான். அவன் கட்டிய வள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தது என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை.

இந்த வருடம் சோளகக் காற்று எழுந்தபோது, அந்த வெள்ளை வள்ளங்களுக்கு நடுவில் சிவப்பாக ஒன்று நின்றது. நீண்ட மூக்கு, உருண்ட தோள்கள், கூரை கிடையாது, இரண்டே இரண்டு இருக்கைகள்.

கலியாணம் முடித்த புதிதில் நவ்ஷாத்தும் பர்ஸானாவும் நுவரெலியாவுக்குப் போயிருந்தார்கள். அங்கே ஒரு மைதானத்தில் பழைய கார்கள் கூடி நின்றன. இதே வடிவக் கார் ஒன்றின் முன்னால் வந்ததும் பர்ஸானா நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இது வாயைத் திறந்துகொண்டு வாற கலவாய் மீன் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

கார்க்காரருக்கு மொழி விளங்கவில்லை, சிரிப்பு விளங்கியது. பர்ஸானா காரின் பக்கத்தில் நிற்கப் படமெடுக்க விட்டார். அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி, அதைப் பார்த்துப் பார்த்தே நவ்ஷாத் அச்சைச் செதுக்கினான். நறுவிலிக்குளத்துத் துஷாந்தன் கராஜ்காரன். பழைய வான் ஒன்றின் எஞ்சினையும் இரும்புச் சட்டத்தையும் கொண்டுவந்து, மணலில் புதையாத அகன்ற ரயர்களையும் பூட்டிக் கொடுத்தான்.

"நானா, இதுக்கு நம்பர் தரமாட்டாங்கள். றோட்டில ஏத்த ஏலாது" என்றான். நவ்ஷாத்தை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நான் றோட்டுக்கெண்டு கட்டயில்லை."

அவன் கட்டியது கடலுக்கு. இரண்டு வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிள் சறுக்கி பர்ஸானாவின் இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவள் கைத்தடியோடுதான் நடக்கிறாள். சீமெந்துத் தரையென்றால் பரவாயில்லை. மணலில் தடி புதையும். ஆட்டோவும் புதையும். ஒருவர் தூக்கிக்கொண்டு போவதென்றால் அவள் சம்மதிக்கமாட்டாள். கடல் இரைகிற சத்தம் கேட்கிற வீட்டில் இருந்துகொண்டு, அவள் கடலைக் காணாமலே இருந்தாள். கடல் வற்றி மணல் இறுகிக் கிடக்கும் ஒரு நாளில், அந்தச் சிவப்புக் காரில் அவளைத் தண்ணீர் விளிம்புவரை கொண்டுபோக வேண்டும். நவ்ஷாத்துக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

காரின் தோளை அரத்தாளால் தேய்க்கும்போதெல்லாம் அவன் அதைக் கண்டான். அவள் வருவாள். ஒரு கையால் சேலையை ஒதுக்கிக்கொண்டு, வள்ளத்துக்குள் பாய்வதுபோலக் காருக்குள் பாய்வாள். தலைத்துணி காற்றில் பின்னால் பறக்கும். கார் மணலைத் தொட்டும் தொடாமலும் போகும். தேய்த்த தூசி வெயிலில் பொன்னாக மிதக்க, அவன் கை தன்பாட்டில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். துஷாந்தன் வந்து தோளில் தட்டினால்தான் பட்டறை திரும்ப வரும்.

பூச்சுக் காய்ந்ததும் துஷாந்தன் பர்ஸானாவை ஆட்டோவில் கூட்டிவந்தான். கவிழ்த்த வள்ளமொன்றின்மேல் மீன்காரர் அபூசாலிக் காக்கா முன்னரே வந்து இடம்பிடித்திருந்தார்.

"நவ்ஷாத், இதை மீன்பிடிக் கந்தோரில பதியிறதோ, எங்க பதியிறது?"

"நீங்கள் வலையைக் கொண்டு ஏறாட்டிச் சரி, காக்கா."

பர்ஸானா தடியை ஊன்றி ஊன்றிக் காரைச் சுற்றி வந்தாள். மூக்கைத் தடவினாள்.

"கலவாய்தான்" என்றாள்.

பிறகு கதவின் கைபிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தடியை மடக்கிய கையில் கொழுவிக்கொண்டு, இன்னொரு தரம் பலமாக இழுத்தாள்.

"இறுகிப் போச்சோ?"

துஷாந்தன் கூரைத் தகரத்தைப் பார்த்தான்.

"அது… பார்வைக்குத்தான். கோடு மட்டுந்தான் போட்டனான். உள்ளுக்கு எல்லாம் ஒரே உடம்பு" என்றான் நவ்ஷாத்.

"நான் அப்பவே சொன்னனான் அக்கா. நானா கேக்கயில்லை. பக்கத்தை வெட்டினா முதுகு விட்டு முறிஞ்சிடும் எண்டு ஒரே பிடி."

உண்மை அதுதான். வள்ளத்தின் பக்கத்தில் ஓட்டை போடுகிறவன் உலகத்தில் உண்டா? அவன் பழகிய பழக்கம் முழுவதும் ஓட்டையை அடைக்கிற பழக்கம்.

அபூசாலி எழும்பினார். "அதுக்கென்ன பிள்ளை, ரெண்டு பேராப் பிடிச்சு உள்ளுக்கு வைப்பம்."

"வைக்க நான் என்ன மீன் பெட்டியோ, காக்கா?"

அவர் திரும்ப வள்ளத்தில் குந்தினார். பர்ஸானா கணவனைப் பார்த்தாள்.

"நான் எப்பிடி ஏறுவன் எண்டு நினைச்சனீங்கள்?"

நவ்ஷாத் மெல்லச் சொன்னான்: "பாய்ஞ்சு."

"நானோ?"

"ஓம்."

அவள் கோபப்படவில்லை. சுவரில் இருந்த படத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "தம்பி, ஒரு சோக்கட்டி எடுங்கோ" என்றாள். காரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினாள். கால் ஓரளவுக்கு வந்தது; பிறகு நடுங்கிக்கொண்டு நின்றது. நின்ற இடத்தில் சிவப்பு மினுக்கத்தின்மேல் வெள்ளையாக ஒரு கோடு கீறினாள்.

அது அவன் போட்ட கதவின் அடிக்கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

"இவ்வளவுதான் என்ர கால்."

நவ்ஷாத் குனிந்து பார்த்தான். "அவ்வளவு கீழ வெட்டினா வடிவு கெட்டிடும். பிறகு அந்தக் கார் இல்லை இது."

"எந்தக் கார்?"

"படத்தில நிக்கிற கார்."

"படத்தில நிக்கிறவளுக்கெண்டா வெட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அவள் ஆட்டோவை நோக்கித் திரும்பி நடந்தாள். தடி சீமெந்தில் டக் டக்கென்று கேட்டது.

அடுத்த நாள் துஷாந்தன் வந்தபோது நவ்ஷாத் கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கு முன்னால் குந்தியிருந்தான்.

"நானா, உடம்பைத் தாங்கிறது கீழ கிடக்கிற இரும்பு. இது மேல போடுற சேட்டு மாதிரி. பயப்பிடாமல் வெட்டுங்கோ."

கிரைண்டர் அலறியது. வெள்ளைத் தூசி எழும்பி இருவரையும் மூடியது. நவ்ஷாத் கண்ணை இடுக்கிக்கொண்டு, தான் போட்ட வடிவான கோட்டைத் தாண்டி, சோக் கோட்டையும் தாண்டிக் கீழே இறங்கினான். வெட்டின துண்டு கையோடு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகு விடவில்லை. கார் அப்படியே நின்றது. விளிம்புக்கு இரண்டு நார்ப் பாய் கூடப் போட்டுப் பலப்படுத்தி, வள்ளத்து மூடிக்குப் போடுகிற பிணைச்சல்களைப் பூட்டினான். கதவு அகலமாக, அலுமாரிக் கதவுபோல, தரைக்குக் கிட்ட வந்து நின்றது. சுவரில் இருந்த படத்தைக் கழற்றி வைத்தான்.

கடல் வற்றிய ஒரு பின்னேரம். பர்ஸானா தடியைத் துஷாந்தனிடம் கொடுத்தாள். கதவைத் தானே திறந்தாள். இருக்கை விளிம்பைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மெல்லத் திரும்பி, இருந்தாள். மற்றக் காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஒருவரும் கை கொடுக்கவில்லை, கொடுக்கத் துணியவுமில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? ஏறுங்கோ."

நவ்ஷாத் மற்றப் பக்கத்தால் பாய்ந்து ஏறினான். அந்தப் பக்கத்தில் இன்னும் கதவு இல்லை.

கார் இறுகிய மணலில் இறங்கியது. தூரத்தில் காற்றாலைகள் கனவில் சுற்றுவதுபோலச் சுற்றின. ஈரமணலில் வானம் கிடந்தது. அதன்மேலேயே போவதுபோல இருந்தது. நாரைக்கூட்டமொன்று எழும்பி, சாய்ந்து, அப்பால் போய் இருந்தது. தலைத்துணியை ஒரு கையால் பிடித்திருந்த பர்ஸானா, கொஞ்சத் தூரம் போனதும் கையை எடுத்துவிட்டாள்.

தண்ணீர் விளிம்பில் அவன் நிறுத்தினான். எஞ்சின் ஓய்ந்ததும் கடலின் சின்ன இரைச்சல் கேட்டது. அவள் கதவைத் திறந்தாள். இருந்தபடியே திரும்பி, இரண்டு கால்களையும் வெளியே இறக்கினாள். பாதம் தண்ணீரைத் தொட்டது. மெல்லிய அலையொன்று வந்து கணுக்காலைச் சுற்றி, விளிம்பால் ஏறி, காரின் தரைக்குள்ளும் புகுந்தது.

நவ்ஷாத்தின் கை, வள்ளத்தில்போலத் தண்ணீரைக் கோலி வெளியே ஊற்ற எதையோ தேடியது.

"விடுங்கோ. வந்த வழியால போகும்" என்றாள் பர்ஸானா, திரும்பிப் பாராமல். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ."