குங்குமம் வைத்த பக்கம்

அஞ்சம்மாள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரே ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜாவின் தலை, மறுபக்கம் பூக்கொடிக்கு நடுவே எழுத்தும் வருஷமும். புருஷன் தேவநாதனின் தாத்தா, மல்லாட்டைக் கடலை மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் புதுச்சேரியில் விற்ற காலத்தில் வீட்டுக்கு வந்த காசு அது. அஞ்சம்மாள் மருமகளாகக் காலெடுத்து வைத்த மறுநாளே மாமியார் சட்டம் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுக் காசைத் தேய்க்க வேண்டும், மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். ஆனால் ராஜா மூஞ்சியில் மட்டும் வைக்கக் கூடாது.

லட்சுமி குடியிருக்கிற காசுதான். இருந்தாலும் யாரோ ஒரு வெள்ளைக்காரன் நெற்றியில் பொட்டு வைக்க அந்த வீட்டுப் பெண்களுக்கு மனசு வரவில்லை. ஆகவே ராஜா பரம்பரை பரம்பரையாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். குங்குமம் அப்பிய பக்கத்தை அழுத்தித் தேய்ப்பார்கள். ராஜாவுக்குப் புடவைத் தலைப்பால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் மரியாதை.

அந்தக் காசுக்கு முன்னால் நின்று அஞ்சம்மாள் கேட்காத வரம் இல்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துக் கலைப்பிரியா பிறந்தாள். பிறந்தவளுக்குக் காது கேட்கவில்லை. மூன்று வயதில் அரசாங்கக் காப்பீட்டில் அவள் தலைக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் வெளிச் சத்தத்தை அதற்கு அனுப்பும். முதன்முதலாக ‘அம்மா’ என்று அவள் கூப்பிட்ட அன்று அஞ்சம்மாள் மயிலம் முருகன் கோயில் மலைப்படி முழுக்க மஞ்சள் பூசிக் கும்பிட்டாள்.

போன மழைக்காலத்தில் அந்த வெளி மெஷின் செத்துப் போயிற்று. ரிப்பேர் ஆகாது, புதிது வாங்க லட்சக்கணக்கில் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று. “வரும்மா” என்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டால் அதற்கும் “வரும்மா”தான். இதற்குள் பெண்ணின் பேச்சு கரைய ஆரம்பித்துவிட்டது. சோறு ‘ஓறு’ ஆயிற்று. தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். இப்படியே விட்டால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒளிக்காமல் சொன்னாள். அஞ்சம்மாளுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

அப்போதுதான் தேவநாதன் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தான். இதே ராஜா தலை போட்ட காசில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷத்துக் காசு மட்டும் கிடைப்பதற்கு அரிது, சேகரிக்கிறவர்கள் லட்சம் லட்சமாகக் கொடுப்பார்கள், முந்தின வருஷத்துக் காசு சாதாரணம் என்றது வீடியோ. மாடத்துக் காசை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். வருஷம் தெரியவில்லை. தன் கண்ணாடிக்கு எட்டாத சின்ன எழுத்து என்று நினைத்துக்கொண்டான். மகளுக்குச் சைகையால் விஷயத்தை விளக்கி, ஒன்பது விரல் என்றால் மெஷின் வரும், எட்டு என்றால் வராது என்று காட்டினான். மூன்று பேரும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

கடைத்தெருவில் பழைய வெள்ளி வாங்குகிற இப்ராஹிம் ஷா கோட்டக்குப்பத்துக்காரர். வெள்ளி விலை எகிறியதிலிருந்து அவர் கடையில் அறுந்த கொலுசும் நசுங்கிய குங்குமச்சிமிழுமாக ஜனம் நெரிந்தது. காசை வாங்கி ராஜா பக்கத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“மாஷா அல்லாஹ்! நேத்து அடிச்ச மாதிரி இருக்குதே!”

திருப்பினார். மலர்ச்சி நின்றது.

“இத யாரும்மா இப்பிடித் தேய்ச்சது?”

“நான்தாங்க,” என்றாள் அஞ்சம்மாள் பெருமையாக. “ஒரு வெள்ளிக்கெழம வுட்டதில்ல பாய். இவ வயித்துல இருக்கசொல்லகூட தேய்ச்சிக்கினுதான் இருந்தேன்.”

பாய் காசைத் தரம் பார்க்கிற மெஷினுக்குள் வைத்தார்.

“நம்மூர்ல ஏதும்மா வெள்ளி? எல்லாம் கப்பல்ல வந்தது. துணிய குடுத்தோம், மல்லாட்டைய குடுத்தோம், வெள்ளிய வாங்கினோம். யுத்தம் வந்திச்சி, நாப்பதுல இருந்து காசுல பாதிதான் வெள்ளின்னு வெள்ளைக்காரன் பண்ணிட்டான். பத்தாததுக்கு அமெரிக்காகாரன்கிட்ட வெள்ளிய கடன் வாங்கினான். வெள்ளைக்காரன் போனப்புறம் நாமதான் காசுங்கள உருக்கி அந்தக் கடன அடைச்சோம்.”

“இதுல வருசம் எப்பிடிங்க தெரியும்?” என்றான் தேவநாதன்.

“பாதி வெள்ளின்னு காட்டினா நாப்பதுக்கு அப்புறம் வந்தது. பேச்சே இல்ல. முழு வெள்ளின்னு காட்டினா, இந்த ராஜா தலையில அது ரெண்டே வருசம்தான். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது.”

மெஷின் முழு வெள்ளி என்றது.

அஞ்சம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். கலைப்பிரியா அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் கும்பிட்டாள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார், மேலே சாக்பீஸ் பொடி தூவி ஊதிப் பார்த்தார். கடைசியில் காசை மேஜைமேல் வைத்து, பூக்கொடிக்கு நடுவே நகத்தால் தொட்டுக் காட்டினார்.

“எட்டா ஒம்பதான்னு சொல்ற எடம் இதாங்க. மொழுக்குன்னு கெடக்குது. முப்பத்தெட்டு எங்க பாத்தாலும் கெடைக்கும். முப்பத்தொம்பதுதான் கெடைக்காது. ஒரு சுழி தெரிஞ்சாகூட நான் சண்ட போட்டு வித்துக் குடுப்பேன். நம்பர் இல்லாத காச எவனும் தொடமாட்டான்.”

“அப்ப?” என்றான் தேவநாதன்.

“எடைக்கு எடை வெள்ளிதான்.”

அஞ்சம்மாள் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா எப்படிப் பளிச்சென்று இருக்கிறார், மறுபக்கம் ஏன் வழுக்கையாக இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெதுவாகத் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

“நானே தேய்ச்சிட்டனாங்க?”

“வுடு,” என்றான் தேவநாதன். “சாமிக்குத்தான செஞ்ச.”

அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பெண்ணுக்காக வேண்டிக்கொண்டே பெண்ணின் காதைத் தேய்த்து அழித்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. மாமியாரின் மேல் வந்த கோபம் மாமியாரிடம் போய்ச் சேர வழியில்லை, அவள் செத்து வெகுகாலம் ஆயிற்று. சாமி மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

“எடை போட்டுடுங்க பாய்,” என்றான் தேவநாதன். மறுபடி அந்தக் காசை மாடத்தில் பார்க்க அவனால் முடியாது.

பாய் ஒரு மில்லிகிராம் குறைக்காமல் போட்டார். கிடைத்த பணம் பஸ் செலவு போக ஒரு மாதப் பேச்சுப் பயிற்சிக்குக் காணும். உருக்க வைத்திருந்த கொலுசுகளோடு அந்தக் காசையும் ஒரு சட்டியில் போட்டார்.

கலைப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கும்பிட்ட அம்மா ஏன் அழுகிறாள் என்று கடைக்காரர் முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“அம்மா! ஒம்போதா? எட்டா?”

கடையே திரும்பிப் பார்க்கிற சத்தம். அஞ்சம்மாள் கண்ணைத் துடைத்தாள். எட்டு என்றால் யார் கையும் எதையும் அழிக்கவில்லை, அது வெறும் காசு. அவள் இரண்டு கையையும் உயர்த்தி, இரண்டு விரலை மடக்கிக் காட்டினாள்.

கலைப்பிரியா விரல்களை எண்ணிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. ஆனாலும் அம்மாவின் கன்னத்தைத் தடவி, காது கேளாதவளுக்குச் சொல்வது போல் கத்திச் சொன்னாள்.

“எட்டுன்னா போவுது, வுடும்மா! அழாத!”

“சரிடி கண்ணு,” என்றாள் அஞ்சம்மாள். அப்புறம்தான் நினைவு வந்து தலையை ஆட்டினாள்.