சனிக்கிழமை எழாத புகை

"யோவ் எய்னார், அந்தச் செவுத்துல பனிய அள்ளிப் போடாதய்யா, ஹீட்டர் புகைக்குழாய் புதையுது" என்று வெர்னா தன் வாசலில் நின்று கத்தினாள். எதிர்வீட்டு எய்னார் மண்வாரியை நிறுத்தாமலே அதைவிட உரக்கக் கத்தினார்.

"எங்கப்பா ஜன்னல் வரைக்கும் அணைச்சு வைப்பாரு. வீடு கதகதன்னு இருக்கும். எனக்குப் பாடம் எடுக்காத தாயி."

"உங்கப்பா வச்சிருந்தது விறகடுப்பு. புகை கூரை வழியா போச்சு. உனக்கு முழங்கால் உயரத்துல போகுது."

வடக்கே கடல்போலக் கிடக்கும் சுப்பீரியர் ஏரியின் காற்றுக்குச் சுவரோரம் பனியை அணைத்து வைப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பனியே வீட்டுக்குக் கம்பளி. ஆனால் எய்னார், மகளின் நச்சரிப்பு தாங்காமல், அக்டோபரில் காஸ் ஹீட்டர் போட்டிருந்தார். ஹீட்டர் புதுசு, புத்தி பழசு.

"செத்தாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன்" என்றார் கடைசியாக.

"கூப்பிட்டாலும் உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று வெர்னா கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்தினாளே தவிர, ஜன்னலை விட்டு நகரவில்லை. முப்பது வருடமாக அவளுக்கு அந்த ஜன்னல்தான் செய்தித்தாள். சனிக்கிழமை மதியம் மூன்றடித்தால் எய்னார் நீராவிக் குளியல் போடும் சானாக் குடிலில் விறகுப் புகை எழும்; மனைவியைப் புதைத்த சனிக்கிழமைகூட எழுந்தது. இன்று மூன்றேகால் ஆயிற்று, புகை இல்லை. கோபத்தில் படுத்திருப்பார் என்று நினைத்தாள். மூன்றரைக்கு, விறகு ஈரமாக இருக்கும் என்றாள் தனக்குத்தானே. அந்த மனிதரிடம் ஈர விறகா? தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போய் நின்றால் சிரிப்பாரே என்ற எண்ணம் காலைப் பிடித்து இழுக்க, இன்னும் ஐந்து நிமிடம் வீணாக்கினாள். அந்த ஐந்து நிமிடத்தை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இடுப்பளவு பனியில் தெருவைக் கடக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. கதவைத் தள்ளினாள். எய்னார் நாற்காலியில் சாய்ந்திருந்தார், தலை தொங்கியிருந்தது. பனி மூடிய குழாயில் போக வழியில்லாமல் ஹீட்டரின் நச்சுப்புகை வீட்டுக்குள்ளேயே தேங்கியிருந்தது. ஜன்னல்களைத் திறந்தாள், ஹீட்டரை அணைத்தாள், அவரை நாற்காலியோடு வாசலுக்கு இழுத்தாள். குளிர்காற்று முகத்தில் அறைந்ததும் ஒரு கண் திறந்தது.

"மிதிச்சிட்டியா வாசலை" என்று குழறினார்.

"வாய மூடிக்கிட்டு மூச்ச விடுய்யா" என்று தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டாள்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம். பனி தள்ளும் லாரி முன்னால் வழி திறந்துகொண்டு போக, அதன் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. ஆம்புலன்ஸில் தொண்டு வேலைக்கு வந்திருந்த ஐரீன், மருத்துவமனை போய்ச் சேரும்வரை அவர் கையை விடவில்லையாம்.

எய்னாருக்கு இனி வெர்னாதான் என்று ஊரே அவளைக் கல்யாண உடுப்பு தைக்கச் சொல்லிக் காத்திருந்தது. ஆனால் ஜூன் மாதம் எய்னார் ஐரீனைக் கட்டிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்து வெர்னாதான் போட்டாள். இருவரும் மருத்துவமனை இருக்கும் டவுனுக்கே குடிபோய்விட்டார்கள்.