பதினோராவது சர்வர்

இடுப்புக்கு மேலே யாரோ ஆணி அடித்துவிட்டுப் போன மாதிரி வலித்தது. காலையில் நாலு கனத்த கம்ப்யூட்டர் சர்வர்களை இரும்பு ரேக்கின் அடித்தட்டில் ஏற்றிய பலன். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு டிஸ்க். இரண்டு பேர் பிடித்தாலும் முதுகைக் கேட்காமல் உள்ளே போகாது. அதற்கு மேலே இருந்த பதினேழும் மெலிந்த ரகம், ஆளுக்கு இரண்டே டிஸ்க். சர்வர்காரன் குனியவும் பயந்து, அண்ணாந்து பார்க்கவும் பயந்து, மேசையில் கையை ஊன்றி லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு சர்வருக்கும் போய் உட்கார்ந்து சிஸ்டம் ஏற்றுவதில்லை. ஸ்விட்சைத் தட்டினால், சர்வர் தன் உடம்பில் பதிந்த எண்ணைக் கேபிள் வழியே சொல்லி, நான் யார் என்று கேட்கும். தலைமை சர்வர் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லும்: உன் பேர் இது, உன் டிஸ்கை இப்படிப் பிரித்துக்கொள். அதன்படி தானே ஏற்றிக்கொள்ளும். அந்தப் பட்டியலை சர்வர்காரன்தான், ஒவ்வொன்றின் முகப்பிலும் அந்த எண்ணோடு இருந்த ஸ்டிக்கரைப் படித்து எழுதியிருந்தான்.

பதினேழு சர்வர் முடித்துவிட்டன. உச்சியில் இருந்த நாலு மட்டும் ஒரே வரியில் நின்றன: பன்னிரண்டு டிஸ்க் வேண்டும், இரண்டுதான் இருக்கிறது.

கீழே உள்ளவற்றுக்கு எழுதிய உத்தரவு மேலே போயிருக்கிறது. பட்டியல் தப்பா என்று பார்க்க, லேப்டாப்பிலிருந்து ஒன்றைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதன் விளக்கைப் போடச் சொன்னால் போதும்; உரிய இடத்தில் எரிந்தால் பட்டியல் சரி. பதினோராவதைக் கூப்பிட்டான். அதுதான் நெஞ்சுக்கு நேரே இருந்தது. குனிய வேண்டாம், எக்க வேண்டாம். பதினோராவதில் நீல விளக்கு மினுக்கியது. பட்டியல் சரி என்று முடிவு கட்டினான்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "அஞ்சு மணிக்குப் பார்ட்டி வர்றாங்கப்பா. என்ன, கேபிளா?"

"கேபிளாத்தான் இருக்கணும் சார்."

கேபிள் இழுத்தவன் நெட்டை. சர்வர்காரனின் மனைவிக்குத் தம்பி. வேலைக்கு வந்து மூன்று வாரம், சேர்த்துவிட்டவனும் சர்வர்காரன்தான்.

"ஒன்னொன்னா டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன் மாமா," என்றான் நெட்டை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"வாய் ரொம்ப நீளுதே," என்றார் சூப்பர்வைசர்.

"கேபிளுக்குத்தான் அளவெடுத்தேன் சார், வாய்க்கு எடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை. நெட்டை இருபத்தொரு கேபிளையும் பிடுங்கி, படத்தில் இருந்தபடி மறுபடி செருகினான். ஒரு மணி நேரம் போயிற்று. அதே நாலு, அதே வரி.

சூப்பர்வைசர் கையை நீட்டினார். "பாஸைக் குடு. நாளைலேருந்து வேற ஆள் வருவாங்க."

நெட்டை கழுத்திலிருந்து பாஸைக் கழற்றும்போது மாமாவைப் பார்த்தான். மாமா திரையைப் பார்த்தான். திரையில் புதிதாக ஒன்றும் இல்லை.

நெட்டை போனபிறகு, கனத்த சர்வர்களில் ஒன்றையாவது சோதிப்போம் என்று இருபதாவதை விளக்குப் போடச் சொன்னான் சர்வர்காரன். பல்லைக் கடித்துக் குனிந்து பார்த்தான். அடித்தட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. நிமிர்ந்தான். உச்சியிலிருந்து இரண்டாவது நீலமாக மினுக்கிக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்கு வருமுன் ஒன்பது வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கியவன் அவன். கிடங்கில் அடுக்கைத் தரையிலிருந்து எண்ணுவார்கள். அடிமூட்டைதான் முதல் மூட்டை. ஸ்டிக்கரையும் அப்படியே கீழிருந்து மேலாகப் படித்திருக்கிறான். ரேக்கின் படத்திலோ ஒன்று என்பது உச்சி. தலைகீழான பட்டியலில் தன் இடத்திலேயே இருப்பது, இருபத்தொன்றில் நட்டநடுவான பதினோராவது ஒன்றுதான். அதைத்தான் அவன் சோதித்தான்.

இன்னொன்றும் உறைத்தது. கேபிளை நெட்வொர்க் பெட்டியின் எந்தத் துளையில் செருகினாலும் சர்வர் தன் எண்ணைத்தான் சொல்லும். கேபிள் மாறியதால் உத்தரவு மாறாது. தொழில் பழகிய முதல் வாரத்திலேயே தெரிந்த விஷயம். சூப்பர்வைசர் கேட்டபோது யோசிக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

பட்டியலைத் திருப்பி எழுதி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றவிட்டான். முப்பத்தைந்து நிமிஷத்தில் இருபத்தொன்றும் பச்சை.

"பாத்தியா, ஆளைத் தூக்கினதும் வழிக்கு வந்துருச்சு," என்று சூப்பர்வைசர் வேலை முடிந்ததற்கான தாளை நீட்டினார். கோளாறின் காரணம் என்ற இடத்தில் 'கேபிள்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"சார், லிஸ்ட்லதான் ஒரு தப்பு..."

"அதை எழுதினா நீயும் வீட்டுக்குப் போகணும். எழுதட்டுமா?"

சர்வர்காரன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் நெட்டை காத்திருந்தான். இருவருக்கும் ஒரே வண்டி.

"முடிஞ்சிச்சா மாமா?"

"முடிஞ்சிச்சு."

"எந்தக் கேபிளு? சொல்லுங்க. அடுத்த எடத்துலயாவது பாத்து செய்யலாம்ல."

உண்மையாகத்தான் கேட்டான். குத்தல் இல்லை.

"ஏறு, நேரமாச்சு," என்றான் சர்வர்காரன்.

வண்டி கிளம்பியது. பின்னால் இருந்தவன், எட்டாவது கேபிள் கொஞ்சம் மடங்கியிருந்தது, ஒருவேளை அதுவாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். முன்னால் இருந்தவன் வேகத்தைக் கூட்டினான். நெட்டைக்கு அவன் கொடுக்க வேண்டியது ஒரு வேலையும், 'தப்பு என்னுது' என்ற ஒரு சொல்லும். வீடு வந்து சேர்ந்தபோதும் அவன் இரண்டையும் கொடுத்திருக்கவில்லை.